விடுமுறைக்குத் தாள்கட்டு வேண்டாம், அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள்

பள்ளி நிர்வாகத்தினருக்கும், பேச்சுப் பயிற்சிப் பிரிவின் பொறுப்பாளருக்கும்,

நேற்று மாலை என் மகனின் பையில் உங்கள் சுற்றறிக்கை இருந்தது. கோடை விடுமுறையின் எட்டு வாரமும் ஸ்பீச் தெரபி கிடையாது. இணைத்திருக்கும் 42 பக்கப் பயிற்சித் தாள்களை முடித்துப் பள்ளி திறக்கும் நாளில் ஒப்படைக்க வேண்டும். தினமும் அரை மணி நேரம் பார்க்க ஒரு வீடியோ இணைப்பு. வீட்டிலும் பள்ளியின் மொழியிலேயே பேச வேண்டும். பின்னடைவு ஏற்பட்டால் அதற்குப் பெற்றோரே பொறுப்பு. பள்ளி திறந்ததும் எல்லாக் குழந்தைகளுக்கும் மறுமதிப்பீடு, அதன் பிறகு இடம் இருப்பதைப் பொறுத்து நேரம் ஒதுக்கப்படும். ஒரே பக்கத்தில் ஆறு முடிவுகள். ஒன்றுகூட எங்களைக் கேட்டு எடுத்ததில்லை.

தெரபிஸ்ட்களுக்கு விடுமுறை கூடாது என்று நான் சொல்லவில்லை. நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்து ஒரு குழந்தையிடமிருந்து ஒரு சொல்லை வரவழைக்கும் வேலை எவ்வளவு களைப்பானது என்று ஒரே ஒரு நாள் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். அவர்கள் ஓய்வெடுக்கட்டும். அவர்கள் இல்லாத எட்டு வாரத்துக்கு எங்கள் கையில் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

போன கோடைக்கும் இதே தாள்கட்டுதான் வந்தது. அட்டையில் ஆண்டை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். 17-ஆம் பக்கத்தில் தலைகீழாக அச்சான வாத்து இந்த வருடமும் தலைகீழாகத்தான் நீந்துகிறது. போன வருடம் நான் ஒரு பக்கம் விடாமல் செய்ய வைத்தேன். காலை பத்து மணி, மேசை, பென்சில், எதிரில் நான். ‘இது என்ன? இது என்ன நிறம்? எத்தனை இருக்கு? சொல்லு, சொன்னாத்தான் அடுத்த பக்கம்.’ முதல் வாரம் ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. இரண்டாம் வாரம் விரலால் காட்டினான். மூன்றாம் வாரம் நான் தாள்கட்டை எடுக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். 42 பக்கமும் முடிந்தது. கடைசிப் பத்துப் பக்கத்துக்கு வண்ணம் தீட்டியது நான்தான். அதற்கு நட்சத்திரம் போட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

அந்த விடுமுறைக்கு முன் நீங்கள் தந்த அறிக்கையில் ‘நான்கு சொல் வாக்கியங்கள் பேசுகிறான்’ என்று இருக்கிறது. பள்ளி திறந்த பின் செய்த மதிப்பீட்டில் ‘இரண்டு சொல், பெரும்பாலும் சைகை’. இரண்டும் உங்கள் முத்திரையோடு என்னிடம் இருக்கின்றன. பழைய இடத்துக்கு அவன் வந்து சேர 13 வாரம் ஆனது. அதில் முதல் ஐந்து வாரம் மறுமதிப்பீட்டுக்கும் நேர ஒதுக்கீட்டுக்கும் காத்திருந்ததிலேயே போய்விட்டது. ஆக, உங்கள் நாட்காட்டியில் எட்டு வாரமாக இருந்த விடுமுறை எங்கள் வீட்டில் ஐந்து மாதம் நீடித்தது.

இது என் மகனுக்கு மட்டும் நடந்த விசித்திரம் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பள்ளி ஆண்டுக்கு 180 நாட்கள்தான், யாருக்கும் அதற்கு மேல் கிடையாது என்ற நடைமுறை இருந்தது. கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகளின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1979-இல், ஆம்ஸ்ட்ராங் எதிர் க்ளைன் என்ற அந்த வழக்கில், நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. நீண்ட இடைவெளியில் குழந்தை எவ்வளவு இழக்கிறது, இழந்ததைத் திரும்பப் பிடிக்க எவ்வளவு காலம் ஆகிறது என்ற இரண்டு கேள்விகள் அதிலிருந்து நிலைபெற்றன. விடுமுறையிலும் ஒரு குழந்தைக்குச் சேவை தேவையா என்று அங்கே இன்றும் முடிவெடுக்கும்போது இந்த இரண்டும் முன்னால் வரும். என் மகனின் குறைபாடு அவ்வளவு கடுமையானது இல்லை. அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தும் என்றும் நான் வாதாடவில்லை. ஆனால் ‘பின்னடைவுக்குப் பெற்றோரே பொறுப்பு’ என்று எழுதியிருக்கிறீர்களே, பின்னடைவு வரும் என்று தெரிந்துதானே எழுதினீர்கள்? தெரிந்திருந்தும் அதைத் தடுக்க என்ன செய்தீர்கள்?

தாள்கட்டுக்கே வருகிறேன். 9 முதல் 14 வரை ‘ர’ பயிற்சி. ‘ர’ வரும் படங்களை வட்டமிடு, புள்ளிகளைச் சேர்த்து ‘ர’ எழுது. என் மகன் ‘ர’வை அழகாகவே எழுதுவான். கையிலும் கண்ணிலும் அவனுக்கு ஒரு குறையும் இல்லை, நாக்கு நுனிக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. ‘மரம்’ என்ற சொல்லில் ‘ர’ வரவேண்டிய இடத்தில் ‘ல’ வந்தால் வகுப்பில் ஏன் சிரிப்பார்கள் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவன் அந்தச் சொல்லையே விட்டுவிட்டான். இப்போது ‘அந்தப் பச்சை’ என்கிறான். ஆறு பக்கம் வட்டமிட்டால் இது சரியாகிவிடுமா? ஒலி முதலில் தனியாக நாக்கில் படிய வேண்டும், அப்புறம் சொல்லில், அப்புறம் வாக்கியத்தில், கடைசியில் விளையாட்டின் நடுவே தன்னை மறந்து பேசும்போது. இதில் அவன் இப்போது எந்தப் படியில் நிற்கிறான் என்று உங்கள் தெரபிஸ்டுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொன்னதில்லை. தெரியாமல் ‘ஒழுங்கா சொல்லு’ என்று அவனை அதட்டிய நாட்கள் உண்டு. அதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இனி அந்த ஒரு நாள். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்பது உங்கள் விதி. ஒன்றரை வருடமாக நான் வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். செஷன் முடிந்ததும் கதவு பாதி திறக்கும், ‘இன்னைக்கு நல்லா பண்ணான்’ என்று ஒரு வரி வரும், அடுத்த குழந்தை உள்ளே போகும். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் உதவியாளர் வரவில்லை, இவனும் அழுதுகொண்டிருந்தான், வேறு வழியில்லாமல் தெரபிஸ்ட் என்னை உள்ளே கூப்பிட்டார்.

அவர் இவனை நிறையப் பேச வைப்பார், நிறையக் கேள்வி கேட்பார் என்று நினைத்திருந்தேன். அவர் என்னைவிடப் பாதிதான் பேசினார். மூடி இறுக்கமான ஒரு டப்பா, உள்ளே சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை. டப்பாவை அவன் கையில் கொடுத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். ‘என்ன வேணும்?’ என்றுகூடக் கேட்கவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. என் வாய் நமநமவென்றது. ‘திற’ என்றான். ‘மூடியைத் திறக்கணுமா? இதோ, மூடியைத் திறக்கறேன்’ என்று திறந்தார். பொம்மை ஓடி முடிந்ததும் மறுபடி டப்பாவுக்குள் போட்டு, மூடி, கையில் கொடுத்து, சும்மா இருந்தார். நான்காவது தடவை அவன் ‘மூடியைத் திற’ என்றான்.

அந்த ‘யை’ அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. ‘வேற்றுமை உருபுகள் இல்லை’ என்று உங்கள் அறிக்கைகளில் ஒரு வருடமாக வந்துகொண்டிருந்ததற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். வகுப்பறையில் கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அளந்து எழுதியிருக்கிறார். ஏறக்குறைய ஒரே விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் குழந்தைகளின் பதில்களும் நீண்டிருக்கின்றன. சாதாரணக் குழந்தைகளுக்கே அப்படி என்றால், சொல்லைத் தேடி எடுக்கவே நேரம் பிடிக்கும் என் மகனிடம் நான் எத்தனை ஆயிரம் தடவை முந்திக்கொண்டிருப்பேன்?

அடுத்து வந்த பத்து நாள் விடுமுறையில் தாளை எடுக்கவே இல்லை. பார்த்த அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் வீட்டில் செய்தேன். துவைத்த துணியைப் பிரிக்கும்போது ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். ‘அப்பா சட்டை’ என்றான். ‘ஆமா, அப்பாவோட சட்டை. ஈரமா இருக்கு’ என்றேன், அவ்வளவுதான். அவன் ‘தம்பி அழு’ என்றால், ‘ஆமா, தம்பி அழறான், கீழே விழுந்துட்டான்’ என்றேன். ‘சரியா சொல்லு’ என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. பாட்டி ராத்திரி கதை சொல்லும்போது வேண்டுமென்றே தப்பாகச் சொல்லச் சொன்னேன். அவர்கள் வேண்டுமென்றேதான் மறந்தார்களா, உண்மையிலேயே மறந்துவிட்டார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏழாம் நாள் இவன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, ‘இல்ல பாட்டி, குரங்கு தூங்கல, குளத்துல விழுந்துச்சு’ என்றான். ஆறு சொல், நடுவில் ‘குளத்துல’ என்று ஒரு உருபு. விடுமுறை முடிந்து போனபோது எதுவும் குறையவில்லை என்றும் வாக்கியம் நீண்டிருக்கிறது என்றும் உங்கள் தெரபிஸ்டே எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ‘நீங்கள் செய்ததைத்தான்’ என்றேன்.

நான் கெட்டிக்காரி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மணி நேரம்தான் ஆனது, அந்த ஒரு மணி நேரமும் உங்கள் உதவியாளர் லீவு போட்டதால் கிடைத்தது என்பதைச் சொல்லத்தான். இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்குக் கதைப் புத்தகம் வாசிக்கும் விதத்தை மட்டும் மாற்றச் சொல்லி, குழந்தையைப் பேசவிட்டு, அது சொன்னதை நீட்டிச் சொல்லிக் கொடுக்க வைத்து, ஒரு மாதம் கழித்து அளந்து பார்த்தார்கள் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவும். 1988-இல் வெளிவந்த ஆய்வு அது. தங்கள் வழக்கப்படி வாசித்த வீட்டுக் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகள் சொல் வெளிப்பாட்டுச் சோதனை ஒன்றில் எட்டரை மாதம் முன்னால் இருந்தார்கள். 2018-இல் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகள் 36 பேரை வைத்து நடந்த மூளை ஆய்வு ஒன்றும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. பெரியவர்கள் எத்தனை சொல் கொட்டினார்கள் என்பதைவிட, பேச்சு எத்தனை முறை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய் வந்தது என்பதோடுதான் மொழிக்கான மூளைப் பகுதியின் இயக்கம் சேர்ந்து நின்றது. தாளில் அந்தப் போக்குவரத்துக்கு இடமே இல்லை. கேள்வியும் தாளுடையது, பதிலும் முன்பே முடிவானது.

பெற்றோர் உள்ளே இருந்தால் குழந்தையின் கவனம் சிதறும் என்று என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறீர்கள். முதல் ஐந்து நிமிடம் சிதறத்தான் செய்யும். ஆனால் சின்னக் குழந்தைகளின் திக்குவாய்க்கு ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம் முறையில் சிகிச்சையைத் தினமும் தருபவரே பெற்றோர்தான். தெரபிஸ்ட் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்து, கேட்டு, திருத்துகிறார். பெற்றோருக்குப் பயிற்சி தந்து அவர்கள் மூலம் மொழியை வளர்க்கும் 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டுக் கட்டுரையும், இது பலன் தருகிறது என்றே முடிவு சொல்கிறது. உலகத்தில் மற்றவர்கள் பெற்றோரை அறைக்குள் உட்கார வைத்து வேலை வாங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஏன் எங்களை வராந்தாவிலேயே வைத்திருக்கிறீர்கள்?

வீடியோவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பாட்ரிசியா குல் குழுவின் 2003 ஆய்வில், ஆங்கிலம் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு ஒருவர் நேரில் உட்கார்ந்து 12 முறை சீன மொழியில் விளையாடியபோது அந்த மொழியின் ஒலி வேறுபாடு அவர்களுக்குப் பிடிபட்டது. அதே ஆட்கள் பேசியதைத் திரையில் மட்டும் பார்த்த வேறு குழந்தைகளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. கைக்குழந்தைகளில் நடந்தது ஆறு வயதுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருக்கத் தெரியாத, அவன் சொன்னதைக் கேட்காத ஒரு திரையை ‘பேச்சுப் பயிற்சி’ என்று அரை மணி நேரம் பார்க்கச் சொல்வது எனக்குப் புரியவில்லை. பாட்டியாவது தப்பாகச் சொல்வார்கள்.

வீட்டிலும் பள்ளியின் மொழி என்ற வரி. இரண்டு மொழி கேட்பதால் மொழிக் குறைபாடு வருவதில்லை, ஒன்றை நிறுத்தினால் அது போவதும் இல்லை. என் மாமியாருக்கு ஒரே மொழிதான் தெரியும். அந்த விதியைக் கடைப்பிடித்தால் எங்கள் வீட்டில் முதலில் பேச்சை நிறுத்த வேண்டியவர் அவர்தான்.

வராந்தாவில் என்னோடு உட்காரும் மற்றவர்களையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் வேலைக்குப் போய் இருட்டியபின் வரும் ஒரு அப்பா இருக்கிறார். தாள்கட்டைப் பார்த்து, ‘இதை எப்பங்க முடிக்கறது?’ என்றார். அவருக்குத் தினமும் மகளைக் குளிப்பாட்டும் கால் மணி நேரம் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கால் மணி நேரம் போதும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. முடிக்காத தாளோடு பள்ளிக்கு வந்து தலைகுனிந்து நின்றார். உங்கள் பிரிவுக்கு வந்து சேராத குழந்தைகளும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, பள்ளியில் சேரும் வயதில் ஏறத்தாழ ஏழரை சதவீதக் குழந்தைகளுக்கு, காது கேளாமை போன்ற வேறு காரணம் இல்லாமலே மொழிக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. 30 பேர் வகுப்பில் இரண்டு பேர். அவர்களில் பலருக்கு நம் பள்ளியில் வைத்திருக்கும் பெயர் ‘அமைதியான பிள்ளை’.

நாங்கள் கேட்பது இவைதான்.

பள்ளி மூட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் பிரிவில் உள்ள ஒவ்வொரு குழந்தையின் வீட்டிலிருந்தும் ஒருவர், அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, இரண்டு செஷன்களில் உள்ளே உட்கார அனுமதியுங்கள். ஒன்றில் நாங்கள் பார்க்கிறோம். மற்றதில் நாங்கள் குழந்தையோடு விளையாட, தெரபிஸ்ட் எங்களைப் பார்த்துத் திருத்தட்டும். காலையில் வர முடியாதவர்களுக்கு ஒரு சனிக்கிழமை.

42 பக்கத்துக்குப் பதிலாக ஒவ்வொரு குழந்தைக்கும் கையால் எழுதிய ஒரே பக்கம் வேண்டும். இப்போது எந்த ஒலி, எந்தப் படி, எந்த உருபு, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எங்கே கைகொடுக்க வேண்டும், நாங்கள் எதைச் செய்யவே கூடாது. இது போதும்.

விடுமுறையின் மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் தொலைபேசியில் 15 நிமிடம். பிரிவில் 38 குழந்தைகள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டால் மொத்தம் 19 மணி நேரம் வருகிறது, அதையும் உங்கள் இரண்டு தெரபிஸ்ட்கள் பிரித்துக்கொள்ளலாம். அதற்கு உரிய ஊதியத்தைத் தயவுசெய்து அவர்களுக்குக் கொடுங்கள். நாங்கள் கட்டும் ஆண்டுக் கட்டணத்தில் இந்த எட்டு வாரமும் சேர்ந்துதான் இருக்கிறது. இடைவெளியில் நிறைய இழக்கும் குழந்தைகள் யார் என்று போன வருட அறிக்கைகளிலேயே தெரியும். அவர்களுக்கு மட்டுமாவது வாரம் ஒரு செஷன் நடக்க வேண்டும்.

பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு குழந்தைக்கும் பழைய நேரம், பழைய தெரபிஸ்ட். மறுமதிப்பீட்டைப் பயிற்சியோடு சேர்த்துச் செய்யுங்கள், அதற்காக யாரையும் வரிசையில் நிறுத்தாதீர்கள். சுற்றறிக்கையில் பின்னடைவுப் பொறுப்பு பற்றிய வரியையும் வீட்டு மொழி பற்றிய வரியையும் நீக்கிப் புதிதாக அனுப்புங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராந்தாவில் உட்காரும் 11 பெற்றோரின் கையெழுத்து இதன் பின்பக்கத்தில் இருக்கிறது. இந்த வருடத் தாள்கட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எண்ணிப் பார்த்தால் 41 பக்கம்தான் இருக்கும். தலைகீழ் வாத்தை இவன் வைத்துக்கொண்டான். அது ஏன் அப்படிப் போகிறது என்று பாட்டிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறான், இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒருவனின் அம்மா